காய்க்கும் பழத்துக்கும் நடுவில்: தொடக்கப் பள்ளியில் ஒத்துணர்வைக் கற்றுத்தருவது என்றால் என்ன?

மூன்றாம் வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காய் விடுகிறார்கள், எத்தனை முறை பழம் விடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கணக்கு கைவிட்டுப் போய்விட்டது. ரப்பர் தரவில்லை என்று காய். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று காய். பக்கத்தில் இடம் பிடித்து வைக்கவில்லை என்று காய். பெரும்பாலானவை அரைமணி நேரத்தில் பழமாகிவிடும். சில மட்டும் நாள்கணக்கில் காயாகவே கிடக்கும், அந்தப் பிள்ளைகளில் ஒன்று சாப்பிடும்போது தனியாகத் தூண் ஓரம் உட்கார்ந்திருக்கும். தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த இத்தனை ஆண்டுகளில் என்னை யோசிக்க வைத்தது அந்தத் தூண் ஓரம்தான்.

"பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே ஒத்துணர்வைக் கற்றுத்தர வேண்டும்" என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்படிக்கும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்துக் கேட்டால், ஒருவர் நீதிபோதனை வகுப்பைச் சொல்கிறார், இன்னொருவர் ஒழுக்கத்தைச் சொல்கிறார், மற்றொருவர் பிள்ளைகள் சத்தம் போடாமல், சண்டை போடாமல் இருப்பதைச் சொல்கிறார். இவை எதுவுமே அது இல்லை. அதனால் இதை முதலிலிருந்து, படிப்படியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இரக்கத்திலிருந்து ஒத்துணர்வு எங்கே பிரிகிறது

தீபாவளி முடிந்து பள்ளி திறக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் புதுச் சட்டை பற்றி, வெடி பற்றிப் பேசுகிறார்கள். ஒரு பையன் பேசாமல் பையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இந்த வருடம் துணி எடுக்கவில்லை. இன்னொரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ பாவம், என்னோட பழைய சட்டை ஒன்னு இருக்கு, நாளைக்குக் கொண்டு வரேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்கிறது. நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பையன் அன்று முழுவதும் தலை நிமிரவில்லை.

இது இரக்கம். இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். ஒத்துணர்வு என்பது பக்கத்தில் போய் நின்று பார்ப்பது: இன்னொருவர் இடத்தில் இருந்தால் என்ன தோன்றும் என்று புரிந்துகொண்டு, அந்தப் புரிதலை வைத்து நடந்துகொள்வது. அதே வகுப்பில் வேறொரு சிறுமி, "வாடா, பல்லாங்குழி ஆடலாம்" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். சட்டை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு யாரும் இதைச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றலாம். வீட்டிலோ தெருவிலோ யாரோ அப்படி நடந்துகொண்டதை அவள் பல முறை பார்த்திருப்பாள் என்றே நான் நினைக்கிறேன்.

ஒத்துணர்வுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, மற்றவரின் உணர்ச்சி நம்மைத் தொற்றிக்கொள்வது. பிரசவ வார்டில் ஒரு குழந்தை அழுதால் அடுத்த தொட்டிலும் அழத் தொடங்கும் இல்லையா, அது. இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டாவது, எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குப் பிடித்தது அவனுக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்று கணக்குப் போடுவது. இதைப் 'பிறர் பார்வை' என்று சொல்லலாம். இது கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிற திறன்.

எப்படித் தெரியும்? 1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைத்தான் காட்டும். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நாலு, ஐந்து வயதுக்கு மேல்தான் "அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்தில்தான் தேடுவான்" என்ற பதில் வரத் தொடங்கும். அதாவது நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் வயதில்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. அதில் நடந்து பழக இன்னும் பல வருடங்கள் ஆகும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அடுத்தவரின் தலைவலியைக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ளப் பழக்கலாம் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

*இதுவரை பார்த்தது:* இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு. ஒத்துணர்வில் ஒரு பாதி பிறவியிலேயே இருக்கிறது. மறு பாதியான பிறர் பார்வை தொடக்கப் பள்ளி வயதில் வளர்கிறது, பழக்கினால் நன்றாக வளர்கிறது.

"ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்"

ஏன் அழுகிறாய் என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை சொல்லும் பதில் இதுதான்: ஒரு மாதிரியா இருக்கு. பிள்ளையிடம் உணர்வுக்குக் குறைவே இல்லை, அதற்குச் சொல்தான் இல்லை. சந்தோஷம், கோபம், அழுகை, பயம் என்ற நான்கைந்து சொற்களுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்கும். கூட்டாளி வேறொருவனோடு போய்விட்டான் என்ற ஏக்கமும், தப்பாகப் படித்ததற்கு எல்லாரும் சிரித்த அவமானமும், தன்னை லீடராகப் போடாத ஏமாற்றமும் கடைசியில் ஒரே வழியில்தான் வெளியே வரும், அடியாக.

நம் மொழியில் சொற்களுக்கா பஞ்சம்? ஏக்கம், கூச்சம், பொறாமை, மனத்தாங்கல், ஆற்றாமை, வெட்கம், சலிப்பு, தவிப்பு. இவற்றைச் சொல்லகராதிப் பாடமாகச் சொல்லித்தர வேண்டாம். நான் செய்து பார்த்தது வருகைப் பதிவு நேரத்தில். பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" என்பதோடு சேர்த்து இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் சொல்ல வேண்டும், விருப்பம் இருந்தால் மட்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தன் உணர்வுக்குச் சொல் கிடைத்த பிள்ளைக்கு அடுத்தவன் முகத்தில் அதே உணர்வைப் பார்க்கும்போது அடையாளம் தெரிகிறது.

கனடாவில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். டொரண்டோவில் 1996-ல் மேரி கார்டன் என்ற கல்வியாளர் தொடங்கிய 'ஒத்துணர்வின் வேர்கள்' என்ற திட்டத்தில், அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தை பெற்றோரோடு ஒரு கல்வியாண்டு முழுவதும் அவ்வப்போது வகுப்புக்கு வரும். நடுவில் பச்சைப் போர்வை விரித்து, குழந்தையை அதில் விட்டு, சுற்றி மாணவர்கள் உட்காருவார்கள். இப்போது ஏன் முகம் சுளிக்கிறது, பொம்மை எட்டாதபோது அதற்கு என்ன தோன்றும் என்று பேசுவார்கள். பேசத் தெரியாத ஒருவரின் மனதைப் படிக்கப் பழகுகிறார்கள். நம் பள்ளிகளுக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. பல ஊர்களில் அங்கன்வாடி பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒருமுறை அங்கே அனுப்பினால் போதும்.

நீதிக்கதை ஏன் போதாது

கதைகளுக்கு நான் எதிரி இல்லை, கதை இல்லாமல் நான் வகுப்பே எடுத்ததில்லை. ஆனால் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கேட்டு யாரும் நீச்சல் கற்றதில்லை. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, தண்ணீருக்குள் இறங்கித் தத்தளித்து, மூக்கில் தண்ணீர் ஏறி, அப்படித்தான் வந்தது. ஒத்துணர்வும் அப்படியே. "பிறருக்கு உதவ வேண்டும்" என்று எழுதச் சொன்னால் முப்பது பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைதான் மாலையில் நொண்டி விளையாட்டில் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று நிற்கும். அது பொய் எழுதவில்லை. எழுதியது ஒரு திறன், செய்ய வேண்டியது வேறொரு திறன், அவ்வளவுதான்.

இந்த வகைப் பயிற்சியைச் 'சமூக உணர்வுக் கற்றல்' என்கிறார்கள். தன் உணர்வை அறிவது, அதை அடக்கியாள்வது, அடுத்தவரைப் புரிந்துகொள்வது, உறவைப் பேணுவது ஆகியவற்றைப் பாடம்போலவே படிப்படியாகப் பழக்குவது என்று பொருள். 2011-ல் ஜோசஃப் டர்லக் என்பவரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 213 பள்ளித் திட்டங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் சுமார் 2,70,000 மாணவர்கள். நடத்தை சீரானது மட்டுமல்ல, படிப்பும் கூடியிருந்தது: நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் மாணவர் பதினோரு இடம் முன்னால் போகும் அளவுக்கு. இதில் பெரும்பகுதி அமெரிக்கப் பள்ளிகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எது பலித்தது என்பதில் நமக்கும் பாடம் இருக்கிறது. படிப்படியாக வரிசைப்படுத்தி, நடித்தும் செய்தும் பழக வைத்து, இதற்கென்றே நேரம் ஒதுக்கி, எந்தத் திறனைக் கற்கிறோம் என்று பிள்ளைகளிடமே வெளிப்படையாகச் சொன்ன திட்டங்கள் நல்ல பலன் தந்தன.

"பாடம் முடிக்கவே நேரமில்லை" என்று சொல்லும் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு பாடவேளையிலும் பஞ்சாயத்துக்குப் போகும் பத்து நிமிடத்தை யார் கணக்கில் எழுதுகிறோம்?

ஒப்புக்குச் சப்பாணி

இப்போது கொஞ்சம் கடினமான பகுதி. ஒத்துணர்வுக்கு ஒரு குறை உண்டு, அது தன்னைப் போலிருப்பவர்கள் பக்கமே சாயும். நம்ம தெருப் பிள்ளை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவோம், அந்தத் தெருப் பிள்ளை விழுந்தால் "யாரு அது?" என்று எட்டிப் பார்ப்போம். அதனால்தான் ஒத்துணர்வை மட்டும் தனியாகக் கற்றுத்தந்தால் அது உள்வட்டப் பாசமாகவே நின்றுவிடும். பன்மையையும் சேர்த்துத்தான் கற்றுத்தர வேண்டும். பன்மை என்றால், வேறு வேறாக இருப்பவர்கள் ஒரே மரியாதையோடு, ஒரே உரிமையோடு ஓரிடத்தில் இருப்பது.

தெரு விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு வழக்கம் உண்டு. வயதில் சின்னவனோ, ஓட முடியாதவனோ சேர வந்தால் துரத்தவும் மாட்டார்கள், உண்மையில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆட்டத்தில் இருப்பான், ஆனால் அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, தொட்டாலும் கணக்கில்லை. அந்தச் சொல்லே நடக்க முடியாதவர்களைப் புண்படுத்துகிற சொல், வகுப்பில் அதைப் பற்றியும் பேச வேண்டும். பள்ளிகளில் நாம் செய்யும் பன்மைப் பாடம் பல நேரம் இப்படித்தான் இருக்கிறது. சுதந்திர தினத்துக்கு ஒருவன் பஞ்சாபி வேடம், ஒருத்தி வங்காளச் சேலை, மேடையில் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று ஒரு பேனர். அதே வகுப்பில் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைக்கு வந்த குடும்பத்தின் இந்தி பேசும் பிள்ளை கடைசி பெஞ்சில் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருக்கும். வேடம் போட்ட வட இந்தியர் மேடையில், உண்மையான வட இந்தியப் பிள்ளை மூலையில்.

பக்கத்தில் உட்கார வைத்தால் போதுமா, தானாகப் பழகிவிடாதா என்று கேட்பார்கள். 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்களை ஒரு கோடை முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். சில நாட்களிலேயே கொடியை எரிப்பது, தங்குமிடத்தில் புகுந்து கலைப்பது என்று போய்விட்டது. (பிள்ளைகளை வைத்து அப்படி ஓர் ஆய்வு செய்தது சரியா என்ற கேள்வி நியாயமானது, எனக்கும் அது உறுத்துகிறது.) பிறகு இரண்டு குழுவையும் ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டைத் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். நிலைமையை மாற்றியது வேறொன்று: முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனதும், லாரி கிளம்பாமல் நின்றதும். இரண்டு குழுவும் சேர்ந்து தேடினால்தான் தண்ணீர் அடைப்பு தெரியும், சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தால்தான் லாரி நகரும். இழுத்தார்கள், பகை தணிந்தது.

அதே 1954-ல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விதியாகவே எழுதினார். வேறு வேறு குழுக்கள் சந்தித்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் சம நிலை இருக்க வேண்டும், பொது இலக்கு இருக்க வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், அந்த இடத்தின் அதிகாரம் அதை ஆதரிக்க வேண்டும். இதைத் 'தொடர்புக் கருதுகோள்' என்பார்கள். பெயரை மறந்தாலும் அந்த நான்கையும் மறக்க வேண்டாம்.

நம் பள்ளிகளில் ஒன்றாகச் சாப்பிடும் வரலாறு பெரியது. காமராசர் காலத்தில் 1956-ல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-ல் சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. ஒரே பானைச் சோற்றை எல்லாரும் சாப்பிடுவதன் மதிப்பை நான் கொஞ்சமும் குறைக்க மாட்டேன். ஆனால் ஒரே வராந்தாவில் சாப்பிட்டுவிட்டு, தட்டு கழுவும் இடத்தில் பிரிந்து நிற்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, மாணவர்கள் பெயரின் அகர வரிசையில் உட்கார வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு மணிக்கட்டுக்கு வருவது மேல்நிலை வகுப்பில். அதற்கான நூல் தொடக்கப் பள்ளியிலேயே நூற்கப்படுகிறது.

எப்படி? பிள்ளைகள் நாம் சொல்வதைவிட யாரை எந்த வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதைப் பார்க்கிறார்கள். துடைப்பத்தை எப்போதும் யார் கையில் கொடுக்கிறோம், டீ வாங்க யாரை அனுப்புகிறோம், ஆண்டு விழாவில் மாலை போட யாரை நிறுத்துகிறோம். 'நிறமா இருக்கிற பிள்ளையா முன்னாடி நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை போதும், முப்பது பிள்ளைகள் அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிடுவார்கள். அதனால் பன்மைப் பாடத்தின் முதல் பக்கம் வேலைப் பட்டியல். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, கரும்பலகை துடைப்பது, பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது, எல்லாம் எல்லாருக்கும் முறை வைத்து, சுவரில் எழுதி ஒட்டி.

அடுத்தது, பாடத்தையே ஷெரீஃபின் லாரி மாதிரி ஆக்குவது. 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார வைக்கப்பட்டபோது சண்டை ஓயவில்லை. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் வகுப்பைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, பாடத்தையும் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு துண்டு, அதை அவன் மட்டுமே படித்திருப்பான். முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால் குழுவில் ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். ஆங்கிலம் திணறும் ஒரு பையனை மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவனிடம் இருக்கும் துண்டு தெரியாவிட்டால் தங்களுக்குத்தான் நஷ்டம் என்று புரிந்ததும் பொறுமையாக, நல்ல கேள்விகளாகக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க அவனுக்கும் பேச்சு வந்தது.

நான் இதை நான்காம் வகுப்பில் நீர்நிலைகள் பற்றிய பாடத்துக்குச் செய்தேன். ஒருவனுக்கு ஏரி, ஒருத்திக்குக் கிணறு, ஒருவனுக்கு ஆறு, ஒருத்திக்குக் குளம். ஒரு துண்டுத் தாள், பதினைந்து நிமிடம், அப்புறம் குழுவில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். செலவே இல்லை.

"அவங்க பாட்டில்ல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்று ஒரு பிள்ளை சத்தமாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை மூடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பேச்சு நிற்கும், நம்பிக்கை உள்ளே அப்படியே இருக்கும். "எல்லாரும் ஒன்னுதான்" என்பதும் போதாது, ஏனென்றால் தன்னை வேறாக நடத்துகிறார்கள் என்று அந்தப் பாட்டிலுக்குரிய பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். நேராகச் சொல்ல வேண்டும்: அது தப்பு. நம் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையைத் தடை செய்திருக்கிறது. பெரியவர்களும் சில நேரம் தப்பாகச் சொல்வார்கள். இதைச் சொன்ன பிள்ளையை அவமானப்படுத்தாமல், கேட்ட பிள்ளையை எல்லார் முன்னும் பேசச் சொல்லி வற்புறுத்தாமல். அப்புறம் அந்த அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். எளிதில்லை, எனக்கு அந்தப் பேச்சு ஒருமுறைகூட எளிதாக இருந்ததில்லை.

*இதுவரை பார்த்தது:* ஒத்துணர்வு நம்மவர் பக்கம் சாயும், பன்மைப் பாடம் அந்த வட்டத்தை அகலமாக்கும். சேர்த்து உட்கார வைப்பது தொடக்கம். சம நிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, ஆசிரியரின் வெளிப்படையான ஆதரவு நான்கும் இருந்தால்தான் பலிக்கும்.

"சாரி சொல்லு, கை குடு"

நாம் எல்லாரும் இதைச் செய்திருக்கிறோம். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நிற்க, சாரி சொல்லு, கை குடு, போ, முடிந்தது. முடிந்தது சத்தம் மட்டும். கோபம் குறையாமலே "சாரி" சொல்லப் பழகும் பிள்ளை, அது தப்பிக்க உதவும் சொல் என்றுதான் கற்றுக்கொள்கிறது. பிணக்குத் தீர்ப்பது என்றால், சண்டைக்குக் கீழே இருக்கும் தேவையைக் கண்டுபிடித்து இருவரும் ஒப்புக்கொள்ளும் வழியை இருவருமே தேடுவது. நடுவர் தீர்ப்பு சொல்வது அதில் சேராது.

என் வகுப்பில் இரண்டு பையன்கள் முதல் பெஞ்சின் ஒரே இடத்துக்குத் தினமும் அடித்துக்கொண்டார்கள். நான் ஒரு நாள் இவனுக்கு, ஒரு நாள் அவனுக்கு என்று பிரித்துக் கொடுத்தேன். நியாயமான தீர்ப்பு என்று எனக்குத் திருப்தி, ஆனால் சண்டை நிற்கவில்லை. கடைசியில் இருவரையும் தனித்தனியாக ஏன் என்று கேட்டேன். ஒருவனுக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் பக்கத்து பெஞ்சு நண்பனோடு இருக்க முடியும். இன்னொருவனுக்குப் பின்னால் போனால் கரும்பலகை தெரியவில்லை. இருவர் கேட்பதும் ஒரே இடம், தேவை வேறு வேறு. நண்பனையும் சேர்த்து இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றினேன், மற்றவனுக்குக் கண் பரிசோதனை நடந்து கண்ணாடி வந்தது. கேட்டதைப் பிரித்துக் கொடுத்த காலம் முழுவதும் ஒரு பிள்ளை பாதி நாள் கரும்பலகையே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

செய்யும் முறை எளிது. முதலில் ஆற விட வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு கை நடுங்கும்போது எந்தப் பிள்ளைக்கும் காது கேட்காது. நிதானத்தைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டும், எட்டு வயதுப் பிள்ளையிடம் உடனே நிதானம் கேட்பது நியாயமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். பிறகு ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும், கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: "நான் பென்சிலை எடுத்ததுல அவனுக்குக் கோபம் இல்ல, கேக்காம எடுத்ததுலதான் கோபம்." இந்தத் திருப்பிச் சொல்லும் இடத்தில்தான் பிறர் பார்வை வேலை செய்கிறது. முதல் பகுதியில் பார்த்த அதே திறன், இப்போது வெயிலில்.

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் எதிராளி பதிலடிக்குத் தயாராவான். "எனக்கு" என்று தொடங்கப் பழக்குங்கள். நம் மொழி இதில் பெரிய உதவி. தமிழில் நாம் "எனக்குக் கோபம் வருது" என்கிறோம். கோபம் வருகிறது, அதனால் போகவும் போகும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருவன், "அப்போ அது எங்கிருந்து டீச்சர் வருது?" என்று கேட்டான். அன்றைய பாடம் அதுவே ஆனது.

யாருக்காவது காயமோ நஷ்டமோ ஆகியிருந்தால் நான்கு கேள்விகள்: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாருக்கு என்ன பாதிப்பு? அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்? உலகில் பல பள்ளிகள் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் வைத்துக்கொள்கின்றன, இதைச் 'சீர்செய்யும் உரையாடல்' என்று சொல்லலாம். கிழித்த நோட்டுக்கு அட்டை போட்டுத் தருகிறேன் என்று பிள்ளையே சொல்வது, நாம் வாங்கித்தரும் நூறு சாரிக்கு மேல்.

பிரம்பைப் பற்றி ஒரு வரி. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அடித்தவனை அடித்துத் தீர்க்கும் ஆசிரியரிடம் பிள்ளை கற்றுக்கொள்வது, பெரியவனானால் அடிக்கலாம் என்பதையே.

சண்டை வேறு, கொடுமை வேறு

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. நார்வே உளவியலாளர் டான் ஆல்வியஸ் கொடுமைப்படுத்தலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமில்லாமல் இருப்பது. ரப்பருக்காக இருவர் அடித்துக்கொள்வது சண்டை. ஐந்து பேர் சேர்ந்து ஒருத்தியைத் தினமும் நிறத்தையோ சாதியையோ திக்குவாயையோ சொல்லிக் கூப்பிடுவது கொடுமை. அங்கே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து "நீ என்ன பண்ணின, அவ என்ன பண்ணினா" என்று கேட்பது, பாதிக்கப்பட்ட பிள்ளையை இரண்டாவது முறை தண்டிப்பது. "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்" என்ற நம் பழக்கப் பேச்சை அங்கே விட்டுவிட வேண்டும். முதலில் நிறுத்த வேண்டும், பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும், பெற்றோரை அழைக்க வேண்டும், தலைமையாசிரியர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். சீர்செய்யும் உரையாடல் எல்லாம் பிறகு, அதுவும் பாதிக்கப்பட்ட பிள்ளை விரும்பினால்.

பெற்றோர் கேட்கும் ஒரு கேள்வி

"இப்படியெல்லாம் சொல்லித்தந்தால் என் பிள்ளை ஏமாளியாகிவிடாதா?" இந்தப் பயம் உண்மையானது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அடுத்தவர் மனதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன்னை யார் ஏய்க்கிறார்கள் என்பதும் சீக்கிரம் தெரியும். "எனக்கு இது பிடிக்கல, நிறுத்து" என்று நிமிர்ந்து சொல்லத் தெரிவதும் இதே பயிற்சியின் பகுதி. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாலையில் "இன்னைக்கு உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்கிறீர்கள் இல்லையா, கேளுங்கள். கூடவே "இன்னைக்கு யாராவது தனியா உக்கார்ந்திருந்தாங்களா?" என்றும் கேளுங்கள்.

நாளைக்கே தொடங்குவதானால்

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளிகளை எனக்குத் தெரியும், அங்கே எல்லாவற்றையும் செய்யச் சொல்வது அநியாயம். வேலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். நான்கு கேள்விகளை ஒரு சார்ட்டில் எழுதுங்கள். மாதம் இரண்டு பாடத்தைத் துண்டு வெட்டிக் கொடுங்கள். வருகைப் பதிவில் ஒரு சொல் கேளுங்கள். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் "நல்லா இருக்கேன்" என்றே சொல்லும், ஒருவன் சொன்னதையே அடுத்தவனும் சொல்வான், பரவாயில்லை. மூன்றாவது வாரத்திலோ நான்காவது வாரத்திலோ ஏதாவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "ஏக்கமா இருக்கு டீச்சர்" என்று சொல்லும். அப்போது பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள், மீதிப் பெயர்களைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்.